இரு மழைகளுக்கு நடுவே கல் செடிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு மேற்கே, ரப்பரும் வாழையும் சூழ்ந்த ஒரு விளையின் நடுவில் எங்கள் வீடு இருக்கிறது. இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் ஆனி, ஆடி முழுவதும் கொடியில் போட்ட துணி காய மூன்று நாள் ஆகும். அது ஓய்ந்து சற்று வெயில் முகம் காட்டுவதற்குள் ஐப்பசியில் துலாமழை இறங்கிவிடும். இடையில் வரும் சித்திரை, வைகாசியிலும் மாலை நேரத்து இடிமழைக்குக் குறைவில்லை. மதில்மேல் பாசியும் ஓட்டிடுக்கில் பெரணியும் தாமாக முளைக்கும் இந்த ஊரில், தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் கூழாங்கற்களுக்கு நடுவே, மழையைப் பல மாதங்கள் காணாமல் வாழும் லித்தாப்ஸ் என்னும் கல் செடியை வளர்க்க நினைத்தது விவேகமான காரியம் அல்ல. பணி ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியைக்கு அந்த விவேகம் வர ஆறு ஆண்டுகளும் இருபதுக்கும் மேற்பட்ட செடிகளும் செலவாயின.

முதல் ஆறு செடிகளை 2019ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் இணையம் வழியாக வாங்கினேன். இந்த ஊரில் அதைவிடத் தவறான மாதம் கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு பிளவோடு, இரண்டு தடித்த இலைகள் ஒட்டிப் பிறந்தது போன்ற அந்தச் சிறு உருவங்கள் பஞ்சில் பொதிந்து, வேரில் மண்ணே இல்லாமல் வந்து சேர்ந்தன. பயணத்தில் வாடியிருக்கும் என்று இரக்கப்பட்டு, ரோஜாவுக்குக் கலக்கும் செம்மண்ணும் சாணித்தூளும் வேப்பம்புண்ணாக்கும் சேர்ந்த கலவையில் நட்டு, நாள்தோறும் காலையில் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். ஒரு வாரத்தில் அவை பருத்து மினுமினுத்தன. நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று மகிழ்ந்தேன். மூன்றாம் வாரம் ஒன்றைத் தொட்டபோது, கனிந்து அழுகிய பழத்தைப் போல விரல் உள்ளே இறங்கியது. அடிப்பாகம் கறுத்து, வேர் இருந்த இடத்தில் ஒரு நாற்றம் மட்டும் இருந்தது. ஒரு மாதத்திற்குள் ஆறும் போயின. அந்த நாட்களில் தினமும் என்னைப் பார்த்து, “என்ன மக்களே, கல்லுக்குப் போயி வெள்ளம் ஊத்திக்கிட்டு நிக்க?” என்று அம்மை சிரிப்பாள். எங்கள் ஊரில் தண்ணீரைத்தான் வெள்ளம் என்போம். அவள் கேட்டதில் பாதி உண்மை இருந்தது.

என் முதல் தவறு தண்ணீர் என்று எல்லாரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய தவறு மண் என்பது என் முடிவு. தண்ணீரை நாம் ஊற்றாவிட்டாலும் எங்கள் பக்கத்துக் காற்று ஈரத்தைச் சுமந்தே வருகிறது. அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எதுவும் சட்டிக்குள் இருக்கக்கூடாது. விற்பனைக்கு வரும் செடிகள் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில் நட்டவையாக இருக்கும். வறண்ட ஊர்களில் அது ஒருவேளை தாக்குப்பிடிக்கலாம். இங்கே பத்து நாளானாலும் அதன் உள்ளீரம் போவதில்லை. இன்று நான் பயன்படுத்தும் கலவையில் பாதிக்கு மேல் உடைத்த ஓட்டுத்துண்டு. பக்கத்தில் ஒரு பழைய ஓட்டுவீட்டை இடித்தபோது இரண்டு சாக்கு நிறைய வாங்கி வைத்தேன். அம்மியில் அல்ல, சிமெண்டுத் தரையில் சுத்தியலால் நொறுக்கி, முதலில் சல்லடையில் சலித்துப் பெரிய துண்டுகளைத் தள்ளி, பிறகு மாவரிக்கும் பழைய அரிப்பில் அரித்துத் தூளை முழுவதும் நீக்கிவிட வேண்டும். அரிப்பில் தங்குவது, ஏறத்தாழ மிளகளவும் அதற்குச் சற்றுக் குறைவாகவும் உள்ள துண்டுகள், மட்டுமே சட்டிக்குப் போகும். அதோடு நன்றாகக் கழுவிய பருமணல் கால் பங்கு, பெர்லைட் என்னும் வெள்ளைப் பொரிகல் ஒரு பிடி, மட்கிய இலையுரம் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக. தூளை நீக்காமல் விட்டால் நான்கைந்து முறை தண்ணீர் விட்டதும் அது அடியில் இறங்கிச் சேறாகப் படிந்து, சட்டியின் துளையை அடைத்துவிடும். கடற்கரை மணல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒருவர் யோசனை சொன்னார். உப்பை எத்தனை முறை கழுவினாலும் அந்த மணலின் துகள்கள் மிக நுண்ணியவை. ஈரத்தில் ஒன்றோடொன்று இறுகிக் காற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. அதை நான் ஒரு சட்டியில் செய்து பார்த்து ஒரு செடியை இழந்தேன்.

சட்டி, மெருகிடாத மண்சட்டியாக, குறைந்தது பத்து சென்டிமீட்டர் ஆழம் உள்ளதாக இருக்கட்டும். வெளியில் நாணயம் அளவே தெரியும் இந்தச் செடிக்கு உள்ளே நீண்ட ஆணிவேர் உண்டு. அகலமான ஆழமற்ற தட்டில் நட்டால் அது வளைந்து திணறும். அதன் சொந்த நிலத்தில் செடியின் உடல் முழுவதும் மண்ணுக்குள் புதைந்து, மேல்முகம் மட்டும் தரைமட்டத்தில் கல்லோடு கல்லாக இருக்கும். 1811ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பயணம் செய்த வில்லியம் பர்ச்செல் என்னும் இயற்கையறிஞர், விசித்திரமான கூழாங்கல் என்று எண்ணிக் கையில் எடுத்த பிறகே அது செடி என்று அறிந்தாராம். 1922இல் என். ஈ. பிரவுன் இந்த இனத்திற்குக் கிரேக்க மொழியில் கல்முகம் என்று பொருள்படும் லித்தாப்ஸ் என்ற பெயரைச் சூட்டினார். அந்த மேல்முகத்தில் ஒளி ஊடுருவும் சாளரம் போன்ற பகுதி இருக்கிறது. வெயில் அதன் வழியே உள்ளிறங்கி, மண்ணுக்குள் இருக்கும் பச்சையத்தைச் சென்று சேர்கிறது. இதைப் படித்துவிட்டு நானும் இயற்கையைப் போலவே இருக்கட்டும் என்று செடிகளைக் கழுத்துவரை புதைத்தேன். அவற்றின் நாட்டில் புதைவது வெயிலுக்கும் விலங்குகளுக்கும் தப்புவதற்காக. இங்கே புதைந்த பக்கங்களில் ஈரம் தங்கிப் புண்ணானது. இப்போது உடலின் பாதியாவது காற்றுபட வெளியே நிற்கும்படி நட்டு, சுற்றிலும் பட்டாணியளவு கூழாங்கற்களை மட்டும் பரப்பி வைக்கிறேன்.

இரண்டாவது தொகுதியை அதே ஆண்டு கார்த்திகையில், நான்கு செடிகளாக வாங்கினேன். இந்த முறை தண்ணீர் விடக் கை நீளாமல் இருந்தேன். தை பிறந்ததும் அவற்றின் நடுப்பிளவு விரிந்து, உள்ளே புதிதாக ஒரு சோடி இலை, முதலுக்குக் குறுக்காக, எட்டிப் பார்த்தது. கல் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்: ஆண்டுக்கொரு முறை உள்ளிருந்து புதிய சோடி பிறக்கும், அந்தப் புதிய சோடி தனக்கு வேண்டிய நீரையும் சத்தையும் பழைய சோடியிடமிருந்தே உறிஞ்சிக்கொள்ளும், பழைய சோடி நாளுக்கு நாள் சுருங்கி, துவண்டு, கடைசியில் வெங்காயச் சருகைப் போல ஆகிவிடும். இது நடக்கும் இரண்டு மூன்று மாதங்களும் செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. விட்டால் பழைய இலை வற்றுவதை நிறுத்திக்கொண்டு மீண்டும் பருக்கும். புதியது அதற்குள் சிக்கிக்கொள்ளும்.

2020 மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காகச் சித்தி வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டு மைனியிடம் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் தண்ணீர் விடச் சொல்லியிருந்தேன். கல் செடிகளைத் தொட வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது நான்கு சட்டிகளும் நனைந்திருந்தன. “பாவம், வாடி வதங்கிக் கெடந்துச்சு, எனக்கு மனசு கேக்கல்ல” என்றாள். அவளைக் குறை சொல்ல வழியில்லை. சுருங்கிய செடியைக் கண்டால் தண்ணீர் விடுவதுதான் இந்த ஊரில் எல்லாருக்கும் பழக்கம். ஒரு வாரத்தில் பழைய இலைகள் மீண்டும் உப்பி, ஒவ்வொரு செடியும் நான்கு இலைகளோடு, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைத்த கற்களைப் போல நின்றது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அவற்றில் இரண்டு, பிளவுக்குள் ஈரம் தேங்கி அழுகின. மற்ற இரண்டையும் ஏறக்குறைய ஆறு மாதம் தண்ணீரே காட்டாமல் வைத்திருந்து, பழைய சோடி தானாக வற்றும்வரை பொறுத்திருந்துதான் மீட்டேன். பழைய இலையைக் கையால் கிழித்தெடுக்கவும் மனம் துடிக்கும். செய்யக்கூடாது, புதிய தோல் சேர்ந்து கிழியும். முழுவதும் காய்ந்து சருகான பிறகு மட்டும், மழைக்காலத்திற்கு முன்பாக, சாமணத்தால் மெல்ல எடுத்துவிடுவது இங்கே நல்லது. அந்தச் சருகினடியில்தான் மாவுப்பூச்சி குடியேறும்.

நாட்காட்டியைப் பார்த்து இதைச் செய்ய முடியுமா என்றால், என் அனுபவத்தில் முடியவில்லை. வட இந்தியாவிலோ மேலை நாடுகளிலோ வளர்ப்பவர்கள் இந்த மாதத்தில் பூ, இந்த மாதத்தில் இலைமாற்றம் என்று தெளிவாக வகுத்துச் சொல்வார்கள். அங்கே குளிரும் பகல்நீளமும் செடிக்குப் பருவத்தை அறிவிக்கின்றன. நம் மாவட்டத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே முழுதாக ஒரு மணி நேர வேறுபாடுகூடக் கிடையாது. மார்கழி இரவிலும் என் வீட்டு வெப்பமானி 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே ஒரே தட்டில் இருக்கும் இரண்டு செடிகளில் ஒன்று தையில் இலை மாற்றும், மற்றொன்று பங்குனிவரை பேசாமல் இருக்கும். ஒவ்வொரு சட்டிக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பிளவு விரிந்து உள்ளே புதிய இலை தெரிந்தால் நிறுத்தம். பழையது சருகாகிப் புதியது முழுதாக விரிந்த பிறகு, பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தால் சற்று இளகியிருந்து, மேல்முகத்தில் விரல்நுனி தண்ணீரில் ஊறியது போன்ற சுருக்கம் விழுந்திருந்தால், ஒரு முறை அடித்துளை வழியாக வடியுமளவு நன்றாக விடலாம். அதன்பின் மீண்டும் அதே சுருக்கம் விழும்வரை எதுவுமில்லை. சட்டியின் ஓரத்தில் ஓர் ஈர்க்குச்சியை அடிவரை செருகி வைத்திருக்கிறேன். உருவி உதட்டில் வைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரம்கூடக் குளிர்ச்சியாகத் தெரிந்துவிடும். குளிர்ந்தால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. இந்தக் கணக்கில் வளர்ந்த ஒரு செடிக்கு ஆண்டில் எட்டு அல்லது பத்து முறைதான் தண்ணீர் போகிறது.

எங்கள் கிணற்றுத் தண்ணீரை விட்டபோது மேல்முகத்தில் வெள்ளைப் படிவு ஏறி, அந்தச் சாளரமே மங்கிவிட்டது. இப்போது ஓட்டிலிருந்து வடியும் மழைநீரைப் பிடித்து வைத்து, மேலே படாமல் ஓரமாக, காற்றடிக்கும் நாளின் காலையில் விடுகிறேன். மாலையில் விட்டால் எங்கள் பக்கத்தில் இரவு முழுவதும் அது காயாது.

2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளக்காடானபோது என் கல் செடிகள் அனைத்தையும் அடுக்களை ஜன்னலோரத்திற்குக் கொண்டுவந்தேன். மழையிலிருந்து தப்பிவிட்டன, வெளிச்சத்திலிருந்தும் தப்பிவிட்டன. ஐந்து வாரத்தில் அவை ஒளியைத் தேடிக் கழுத்தை நீட்டி, கல்லின் உருவம் போய் விரல் போல ஒருபக்கம் சாய்ந்து நின்றன. நீண்ட இலை மீண்டும் குறுகாது. அடுத்த ஆண்டு வரும் புதிய சோடிதான் பழைய வடிவத்திற்குத் திரும்பும். அந்த அவசரத்தில் மழை விட்டதும் அவற்றைத் தூக்கி மொட்டைமாடியில் முழு வெயிலில் வைத்ததில் இரண்டுக்கு மேல்முகம் வெந்து, பால் ஆடை போலத் தழும்பாகிவிட்டது. நிழலில் இருந்த செடியை வெயிலுக்குப் பழக்க இரண்டு வாரமாவது வேண்டும். முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு மெல்ல மெல்லக் கூடுதலாக.

அந்தக் கார்த்திகைக்குப் பிறகு, செடிகளை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்து, 2022 தையில் மொட்டைமாடியின் கிழக்கு ஓரத்தில் இடுப்புயர இரும்பு மேசையும், அதன் மேல் சாய்வாக ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடும் அமைத்தேன். தகடு மேசையைவிட எல்லாப் பக்கமும் இரண்டடி நீண்டிருக்க வேண்டும் என்று கொத்தனாரிடம் சொன்னபோது வீண்செலவு என்றார். ஆடிச் சாரல் நேராக விழாது, படுத்துக்கொண்டு வரும் என்பது இந்த ஊரில் பிறந்த அவருக்குத் தெரியாததல்ல. நான்கு பக்கமும் திறந்தே இருக்கிறது. பங்குனி, சித்திரையில் மட்டும் தகட்டின்கீழ் பாதி நிழல் தரும் வலையைக் கட்டுகிறேன். அந்த இரண்டு மாதமும் செடி வெப்பத்தில் உறங்கும்; அதைத் தண்ணீர் விட்டு எழுப்பக்கூடாது. அப்போது மிகச் சுருங்கிப்போன செடிக்கு மாத்திரம் இரண்டு தேக்கரண்டி.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் வீட்டில் அவை பிழைக்கின்றன என்று சொல்லலாமே தவிர, செழிக்கின்றன என்று சொல்ல முடியாது. அதைப் புரிய வைத்தவள் என் தங்கை. ஆரல்வாய்மொழியில் வாழ்க்கைப்பட்டவள். 2022 வைகாசியில் என்னிடமிருந்து ஐந்து செடிகளை, இதே கலவையில், இதே அளவுச் சட்டிகளில் எடுத்துப்போனாள். எங்கள் இரு வீட்டுக்கும் இடையே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். ஆனால் அங்கே கணவாய்க்காற்று காற்றாலைகளைச் சுழற்றும் வேகத்தில் அவள் வீட்டு மாடியையும் உலர்த்திக்கொண்டே இருக்கிறது, மழையும் எங்களைவிடக் குறைவு. என் செடிக்கு மூன்று வாரத்தில் வந்த சுருக்கம் அவளுடையதற்குப் பத்து நாளில் வந்தது. அவள் என்னைவிட அதிகம் தண்ணீர் விட்டாள். ஒரு செடிகூட அழுகவில்லை. இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில்தான் திறந்து மூச்சு வாங்குபவை. புழுக்கமான இரவு அவற்றுக்குச் சுமை. அவள் பக்கத்து இரவுக்காற்று அந்தச் சுமையைக் குறைத்தது என்று நினைக்கிறேன். அதன் பிறகு என் மேசையருகே மழைக்கால இரவுகளில் ஒரு சிறிய மின்விசிறியைச் சுழலவிட்டேன். மின்கட்டணத்தைப் பார்த்து அம்மை தலையில் அடித்துக்கொண்டாலும், அந்த ஆண்டு ஆடியில் நான் இழந்தது ஒரே ஒரு செடி. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் இருப்பவர்கள் துணிந்து தொடங்கலாம். குலசேகரம், அருமனைப் பக்கத்தில் இருப்பவர்களிடம், விசிறியும் கூரையும் இல்லாமல் வாங்கவே வேண்டாம் என்பேன்.

எந்த வகையை வாங்குவது என்பதும் முக்கியம். கோடை மழை பெறும் நிலத்திலிருந்து வந்த ‘லெஸ்லியை’, காவியும் செம்பழுப்புமான ‘ஆக்கேம்பியை’ ஆகிய இரண்டு வகைகளும் என்னிடம் தாக்குப்பிடித்தன. செக்கச் சிவந்த ஆப்டிகா ரூப்ரா, நமீபியக் கடற்கரையின் பனிமூட்டத்தில் வாழ்வது, அழகில் மயங்கி இரண்டு முறை வாங்கி இரண்டு முறையும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. ஊரடங்கு நாட்களில் நீலமும் ஊதாவுமாகப் படம் போட்ட விதைப் பொட்டலம் ஒன்றையும் இணையத்தில் வாங்கினேன். முளைத்தது, வளர்ந்தது, ஏதோ ஒரு காட்டுக்கீரை. வானவில் நிறத்தில் கல் செடி கிடையாது.

பூச்சிகளில் எனக்குத் தொல்லை கொடுத்தது வேரில் வரும் மாவுப்பூச்சி. காரணமில்லாமல் செடி வாடி, தண்ணீர் விட்டும் நிமிராமல் இருந்தால், பெயர்த்துப் பார்க்க வேண்டும். வேரில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால், பழைய கலவையை முழுவதும் எறிந்து, வேரைக் கழுவி, சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, நிழலில் ஒரு வாரம் காயவைத்து, புதிய கலவையில் நட்டு, மேலும் ஒரு வாரம் கழித்துத்தான் தண்ணீர். அணிலுக்கும் நத்தைக்கும் கோழிவலை போதும். நத்தை மேசைக்கால் வழியே ஏறாமலிருக்க, கால்களைத் தண்ணீர் நிறைந்த சிரட்டைகளில் நிறுத்துவதற்குப் பதிலாக, கால்களில் சொரசொரப்பான உப்புத்தாள் (மணல்தாள்) சுற்றியிருக்கிறேன். தேங்கிய தண்ணீரில் கொசு வரும்.

2023 புரட்டாசியில் தங்கை வீட்டிலிருந்த ‘லெஸ்லியை’ வகைச் செடி ஒன்று, பிளவிலிருந்து மொட்டு விட்டது. சாமந்தியைப் போன்ற மஞ்சள் பூ, செடியையே மறைக்கும் அளவில், பிற்பகல் மூன்று மணிக்குமேல் விரிந்து, பொழுது சாயும்போது குவிந்து, ஐந்து நாள் அப்படியே இருந்தது. ஒரு செடியின் மகரந்தம் அதே செடிக்குச் சேராது; இரண்டு தனிச் செடிகள் ஒரே சமயம் பூக்க வேண்டும். நான்காம் நாள் என் வீட்டில் ஒன்று மலர, அதைச் சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். மெல்லிய தூரிகையால் இரண்டுக்கும் மாற்றி மாற்றித் தடவினோம். பூ வாடியதும் அதன் இடத்தில் ஒரு சிறு காய் தடித்தது. அது காய்ந்து பழுப்பாக எட்டு மாதத்திற்கு மேல் ஆனது.

சிறுவயதில் பட்டாசுக்காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்து வெடிக்கவிட்ட நினைவு பலருக்கும் இருக்கும். கல் செடியின் காயும் தண்ணீருக்குத்தான் திறக்கிறது, வெடிக்காமல். அடுக்களை மேசையில் வைத்து ஒரு சொட்டு விட்டதும், சில நிமிடங்களில் ஐந்தாறு கதவுகள் நட்சத்திரமாக விரிந்து உள்ளே பொடிப் பொடியாக விதைகள் தெரிந்தன. காய்ந்ததும் மீண்டும் மூடிக்கொண்டது. அவற்றின் நிலத்தில் மழைத்துளி விழுந்தால் மட்டுமே விதை சிதறும்படியான ஏற்பாடு அது. அம்மை இருபது முறையாவது சொட்டு விட்டுத் திறந்து மூடிப் பார்த்தாள். அதன் பிறகு கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவது பற்றிக் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள்.

விதைகளை 2024 மார்கழியில், காற்று சற்றே உலர்ந்திருந்த நாட்களில், காகிதத் தேநீர்க் கோப்பைகளில் துளையிட்டு, நன்றாக அரித்து, கொதிநீர் ஊற்றி ஆறவைத்த மணற்கலவையின்மேல் தூவினேன். மூடக்கூடாது; வெளிச்சம் வேண்டும். பத்து நாளில் கடுகிலும் சிறிய பச்சை மணிகள் எழுந்தன. பெரிய செடிக்குச் சொன்ன எதுவும் இவற்றுக்குப் பொருந்தாது. முதல் சில மாதங்கள் மேற்பரப்பு முழுவதும் காய்ந்துபோக விடாமல், தெளிப்பானால் மென்மையாக ஈரம் காட்ட வேண்டும், அதே சமயம் பாசி பிடிக்கவும் விடக்கூடாது. எண்பது அளவில் முளைத்தவற்றில் ஆடியின் புழுக்கத்தில் பாதிக்கு மேல் கரைந்துபோயின. மிச்சம் 31. அவற்றில் இருபதைத் தங்கையின் மாடிக்கு அனுப்பிவிட்டு, பதினொன்றை இங்கே விசிறியின்கீழ் வைத்திருக்கிறேன். பூப்பதற்கு இன்னும் இரண்டு ஆண்டாவது ஆகும். நேற்றுப் பார்த்தபோது ஏழாம் கோப்பையில் ஒன்று தன் முதல் சோடி இலையைச் சருகாக்கத் தொடங்கியிருந்தது. கோப்பையின்மேல், மைனியும் படிக்கும்படி பெரிய எழுத்தில், ‘வெள்ளம் ஊற்றக் கூடாது’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.